படகுக்குள் வைத்த ஜெனரேட்டர்

போன வாரம் சென்னையிலிருந்து காரில் வேப்பூருக்கு வந்துகொண்டிருந்தேன். உளுந்தூர்பேட்டை தாண்டியதும் டிரைவர் தம்பி, "வண்டியில ஒரு மாதிரி வாடை வருது இல்லம்மா?" என்று கேட்டுக்கொண்டே ஒரு டப்பாவை எடுத்துப் புஸ்ஸென்று அடித்தார். மல்லிகை வாசனை ஸ்பிரே. கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்தது, ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் "நிறுத்துப்பா, நிறுத்து" என்று கத்தி, வண்டி நிற்பதற்குள் கதவைத் திறந்து, ரோட்டோரம் குந்தி வாந்தியெடுத்தேன்.

"பித்தமாம்மா? எலுமிச்சம்பழம் வாங்கியாரட்டுமா?" என்றார் அந்தப் பையன். நல்ல பிள்ளை. அவரிடம் என்ன சொல்வது? எனக்கு மல்லிகை வாசனை ஸ்பிரே ஆகாது என்று மட்டும் சொன்னேன். ஏன் ஆகாது என்று சொல்லாமலே தெரிந்தவள் நீ ஒருத்திதான். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அதனால் உனக்கே எழுதுகிறேன்.

விருத்தாசலத்தில் உன் லைட் செட் கடையும் என் தையல் கடையும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. உன் புருஷன் இன்னொருத்தியோடு போனபோது ஒரு பெண் குழந்தையையும், இரண்டு ஜெனரேட்டரையும், மூட்டை நிறைய சீரியல் பல்பையும் விட்டுவிட்டுப் போனான். கடையை விற்றுவிடு என்று உன் அண்ணன்மார் சொன்னார்கள். நீ மறுநாள் காலையில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தெருவில் நின்று ஜெனரேட்டரின் கயிற்றை இழுத்தாய். அது இருமியது, கிளம்பவில்லை. தெருவே வேடிக்கை பார்த்தது. "ஓடக் கூடாதது ஓடிப்போச்சி, ஓட வேண்டியது ஓட மாட்டேங்குது" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாய். சிரிக்க வேண்டுமா கூடாதா என்று தெரியாமல் நின்றவர்களில் நானும் ஒருத்தி. நீயே முதலில் சிரித்தாய். அன்றைக்குத்தான் நாம் சிநேகிதமானோம்.

உனக்கு வாய் அதிகம். கோபம் அதைவிட அதிகம். பல்பு உடைத்த கல்யாண வீட்டுக்காரர்களை வீடு வரைக்கும் துரத்திப்போய்த் திட்டியிருக்கிறாய். என்னையும் திட்டாத நாள் கிடையாது. ஆனால் ஊரில் எந்தக் கோயில் திருவிழாவானாலும் உன் ஒயரில் கைவைத்து ஒரு குழந்தைக்கும் ஷாக் அடித்ததில்லை. அதை உன் எதிரிகளும் ஒத்துக்கொள்வார்கள்.

சில வருஷம் கழித்து ஒரு தடவை மழை நன்றாகப் பெய்து ஏரி நிரம்பியிருந்தது. பீங்கான் கம்பெனி முதலாளி ஒருவர் தன் மகள் கவிதாவுக்குக் கல்யாணம் வைத்தார். கப்பு, சாசர், ஃபியூஸ் கேரியர் என்று சூளை சூளையாகச் சுட்டுப் பணம் பார்த்தவர். மாப்பிள்ளை அழைப்பைக் காரில் வைத்தால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? அவருடைய மச்சினன், பெண்ணின் தாய்மாமன், ஒரு யோசனை சொன்னான். கேரளாப் பக்கமிருந்து ஒரு பழைய இரும்புப் படகை விலைபேசி, லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து ஏரியில் இறக்கினார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் ஏசி அறையில் உட்கார்ந்து, விளக்கு ஜோடனையோடு ஏரியைச் சுற்றி வர வேண்டும். கரையில் சொந்தபந்தம் நின்று பார்க்க வேண்டும். ஏரியில் வலை போட்டுப் பிழைத்தவர்களை அந்த வாரம் முழுக்கத் தண்ணீரில் இறங்கவிடவில்லை. படகுக்குச் சந்தனப் பொட்டு வைத்துப் பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள். எனக்கு அப்போதே குமட்டியது. ஆனாலும் பெண்ணுக்கு ரவிக்கை தைத்தது நான்தான், விளக்குப் போட வந்தது நீதான்.

அந்தப் படகின் ஒயரிங்கைப் பார்த்து நீ தலையில் அடித்துக்கொண்டாய். பேட்டரியில் எரியும் சின்ன விளக்குகளுக்கு ஒரு லைன், கரையிலிருந்து கரண்ட் இழுத்துக்கொள்ள இன்னொரு லைன், இரண்டும் பிணைந்து பின்னிக் கிடந்தன. இரண்டையும் பிரித்தாய். இற்றுப்போன ஒயரை உருவிப் போட்டுவிட்டு, நம்ம ஊர்ப் பீங்கான் ஃபியூஸ்களைப் புதுசாக மாட்டினாய். கரையில் இருந்த பம்ப்செட் கரண்ட்டும் ஜெனரேட்டர் கரண்ட்டும் ஒரே நேரத்தில் படகுக்குள் வந்துவிடாதபடி நடுவில் ஒரு சேஞ்ச்ஓவர் சுவிட்ச் வைத்தாய். யாருக்கும் ஷாக் அடிக்காதபடி ஜெனரேட்டர் உடம்பையும் படகின் இரும்பு உடம்பையும் தடிக் கம்பியால் சேர்த்து முறுக்கினாய். ஜெனரேட்டரைப் படகின் பின்பக்கம், திறந்த தட்டில், புகை வெளியே போகும்படி திருப்பி வைத்துக் கயிற்றால் கட்டினாய். வெள்ளோட்டம் விட்டபோது எல்லாம் சரியாக எரிந்தது. மதியம் நீ என் டிபன் பாக்ஸிலிருந்து புளிசாதத்தைத் தின்றுகொண்டே, "கல்யாணம்தான் கேவலம், கனெக்‌ஷன் நல்லாருக்குது" என்றாய்.

சாயங்காலம் தாய்மாமன் வந்தான். கூடவே வீடியோக்காரர். படகின் பின்பக்கத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்தான்.

"ஏம்மா, இத இங்க வெச்சா வீடியோவுல விழுவுதே. சத்தம் வேற கொடையுது. அந்த ரூமுக்குள்ள தூக்கி வெச்சிடு."

ஏசி அறைக்குப் பின்னால் சாமான் போடுகிற சின்ன அறை ஒன்று இருந்தது. அதைத்தான் காட்டினான்.

"முடியாதுங்க," என்றாய். "பொகை உள்ள போவும். ஆள சாய்ச்சிடும்."

"கதவ சாத்திட்டா எப்படிப் போவும்?"

"நடுவுல இருக்கிறது பிளைவுட்டு. வெரல் போற சந்து இருக்குது. பொண்ணும் மாப்பிள்ளையும் அந்தப் பக்கம் ஒக்காருவாங்க. வேணுமின்னா மொதல்ல நீங்க கொஞ்ச நேரம் ஒக்காந்து பாருங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவன் முகம் ஒரு மாதிரி ஆனது. அப்புறம் அவனும் சிரித்தான். "பொம்பளைக்கு வாயப் பாரு! சரிம்மா, உன் இஷ்டம். நீ கரையில மைக் செட்டப் போய்ப் பாரு."

நீ கரைக்குப் போனாய். நீ முதுகைத் திருப்பியதும் நாலு ஆட்களைக் கூப்பிட்டு ஜெனரேட்டரை உள்ளே தூக்கி வைத்துக் கதவைச் சாத்தியிருக்கிறான். இது எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது நான் மாப்பிள்ளை வீட்டார் இறங்கியிருந்த கொட்டகையில் மாப்பிள்ளையின் அம்மாவுக்குக் கொசுவம் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். உன்னோடு நேருக்கு நேர் சண்டை போட்டிருந்தால் அவனை மனுஷன் என்று சொல்லியிருப்பேன். சரி என்று சொல்லிவிட்டு, நீ போன பிறகு செய்தான் பார், அதை நினைத்தால் இப்போதும் நாக்கில் கசப்பு ஊறுகிறது.

பெண்ணின் மடிப்பு கலைந்தால் சரிசெய்ய ஆள் வேண்டும் என்று என்னையும் படகில் ஏற்றினார்கள். உள்ளே நாங்கள் நாலு பேர்: கவிதா, மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் அம்மா, நான். ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. "பெட்ரோல் வாடை அடிக்குதே" என்றார் அந்த அம்மா. தாய்மாமன் உடனே ஒரு டப்பாவை எடுத்து அறை முழுக்க அடித்தான். மல்லிகை. "இப்ப எப்படி இருக்குது சம்பந்தி?" என்று பல்லைக் காட்டினான். ஏசி வெளியே போகக் கூடாது என்று கதவை இழுத்துச் சாத்திவிட்டு, வீடியோக்காரரோடு முன்தட்டுக்குப் போய்விட்டான்.

முதலில் தலைவலிதான். காலையிலிருந்து சரியாகச் சாப்பிடாததால் என்று நினைத்தேன். பிறகு அந்த மல்லிகை வாசனை தித்திப்பாகத் தொண்டையில் ஒட்டிக்கொண்டது. மாப்பிள்ளையின் அம்மா பட்டுப்புடவை மேலேயே வாந்தியெடுத்தார். துடைக்கலாம் என்று எழுந்தேன். கால் என்னுடையது மாதிரியே இல்லை. கவிதா என் தோளில் சாய்ந்து, "தூக்கம் வருதுக்கா" என்றாள். கூப்பிட வேண்டும் என்று தெரிகிறது, வாய் வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தாய்மாமன் கரையைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. அதுதான் கடைசி.

கரையில் நடந்ததைப் பிறகு பலர் வாயால் கேட்டேன். படகு திரும்பியபோது பின்தட்டில் ஜெனரேட்டர் இல்லாததை நீ பார்த்திருக்கிறாய். விளக்கு எரிகிறது, ஜெனரேட்டரைக் காணோம் என்றால் அது எங்கே இருக்கிறது என்று உனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கத்தியிருக்கிறாய். நாதஸ்வரக் கேசட் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கிப் பாட்டை நிறுத்தினாய். சம்பந்திமார் முறைக்க, முதலாளி "யாருய்யா அது?" என்று எழுந்திருக்க, நீ மைக்கைப் பிடித்துக் கத்தியிருக்கிறாய்:

"போட்டுக்காரரே! கதவத் தெறங்க! ஜெனரேட்டர நிறுத்துங்க! உள்ள இருக்கிறவங்க செத்துடுவாங்க!"

படகிலிருந்து தாய்மாமன் சைகை காட்டினானாம், அவள் கிடக்கிறாள், நீ ஓட்டு என்று. படகு ஓட்டியவர் பரங்கிப்பேட்டைப் பக்கத்து ஆள். அவர் கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறார். தலைகள் தொங்கிக் கிடந்தன. கதவை உதைத்துத் திறந்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு பின் அறைக்குள் போய் ஜெனரேட்டரை நிறுத்திவிட்டுப் படகைக் கரைக்குத் திருப்பினார். நீ படகு வரும் வரை நிற்கவில்லை. மார்பளவு தண்ணீரில் நடந்துவந்து ஏறினாய். என் அக்குளில் இரண்டு கைகள் நுழைந்து இழுத்ததும், "எழுந்திருடி, எழுந்திருடி சனியனே" என்று யாரோ அழுததும் எனக்குக் கனவு மாதிரி ஞாபகம் இருக்கிறது. நீ அழுது நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

எல்லோரும் பிழைத்தோம். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் வெகுகாலம் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார்.

ஆஸ்பத்திரியில் முகத்தில் ஆக்சிஜன் மாட்டிப் படுத்திருந்தேன். தாய்மாமன் ஆப்பிள் பையோடு வந்தான். கட்டிலருகில் உட்கார்ந்து, மெதுவாக, அக்கறையாகக் கேட்டான்.

"ஒங்களுக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல இல்ல? டாக்டர் சொன்னாரு, இந்தப் பொகை பட்டா ஞாபகம் போயிடுமாம். ஜெனரேட்டரு அந்தப் பொம்பளையோடது. கனெக்‌ஷன் அவ குடுத்தது. நம்மள இப்படிப் பண்ணிட்டாளே!"

நம்மள என்றான். அவன் முன்தட்டில் காற்று வாங்கிக்கொண்டு நின்றவன். ஆக்சிஜன் முகமூடியைக் கழற்றி அவன் மேல் வாந்தியெடுத்தேன். வேண்டுமென்று செய்யவில்லை, ஆனால் வருத்தப்படவும் இல்லை.

அதற்குள் உன்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். ஈரப் புடவையோடு விடிய விடிய பெஞ்சில் உட்காரவைத்தார்கள். காலையில் முகூர்த்தம் நிற்கவில்லை. பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மண்டபத்துக்குக் கொண்டுபோனார்கள். நான் டாக்டர் சொல்லியும் கேட்காமல் ஆட்டோ பிடித்து ஸ்டேஷனுக்கு வந்தேன். வழியில் மண்டபத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். வாசல் கூட்டத்தில் ஆட்டோ நின்றுவிட்டது. பந்தி நடந்துகொண்டிருந்தது. வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தவன் அவனேதான். வந்தவர்களிடமெல்லாம், "கரண்டு போட்ட பொம்பள பண்ணின வேலைங்க, கடவுள் காப்பாத்தினான்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். முதலாளி பக்கத்தில் நின்று எல்லாம் தெரிந்த முகத்தோடு கும்பிட்டுக்கொண்டிருந்தார். ஆட்டோவைச் சீக்கிரம் எடுக்கச் சொன்னேன்.

ஸ்டேஷனில் நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. "நீங்க மயக்கத்துல இருந்தவங்க. ஒங்களுக்கு என்னம்மா தெரியும்?" என்றார் அங்கே இருந்த அதிகாரி. நீ என்னைப் பார்த்து, "ஏண்டி வந்த? போய்ப் படு" என்று சிடுசிடுத்தாய். உன் உதடு குளிரில் நீலம் பாரித்திருந்தது.

அப்போதுதான் வாசலில் கார் வந்து நின்றது. கவிதா இறங்கினாள். கழுத்தில் புதுத் தாலி, மாலையைக்கூடக் கழற்றவில்லை. மாப்பிள்ளை அவள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். பின்னாலேயே இன்னொரு காரில் தாய்மாமன், "நல்ல நாள் அதுவுமா இங்கெல்லாம் வரலாமா கண்ணு? வூட்டுக்கு வா" என்று கெஞ்சிக்கொண்டு ஓடிவந்தான்.

அவள் அவன் பக்கமே திரும்பவில்லை. அதிகாரியிடம், "ஜெனரேட்டர உள்ள தூக்கி வெக்கச் சொன்னது எங்க மாமா," என்றாள். "எனக்கு போட்டுல, அந்த ஏசி ரூமுலதான் அலங்காரம் பண்ணிட்டு இருந்தாங்க. நான் காதால கேட்டேன். 'அந்தக்கா வேணான்னு சொன்னாங்களே'ன்னு ஒருத்தர் சொன்னாரு. 'அவ கெடக்குறா'ன்னாரு மாமா. இவங்க கத்தலன்னா நாங்க யாரும் இல்ல சார். இவங்கள வுடுங்க."

உன்னை விட்டார்கள். அவன் மேல் ஒரு கேஸும் வரவில்லை. கல்யாண வீட்டு விஷயம், பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். என்ன பேசினார்கள், யாரோடு பேசினார்கள், நமக்குத் தெரியாது. நம்மோடு பேசவில்லை.

கொஞ்ச நாள் கழித்து அவன் பழத்தட்டும் புடவையுமாக உன் கடைக்கு வந்தான். "மனசுல ஒண்ணும் வெச்சிக்காதம்மா" என்றான். நீ கோபப்படவே இல்லை. எனக்கு அது பயமாக இருந்தது.

"ஊர் பூரா நான்தான்னு சொன்னீங்க இல்ல? இப்ப இந்தத் தெருவுல நின்னு, உள்ள வெச்சது நீங்கதான்னு ஒரு தடவ சொல்லுங்க. பொடவ வேணாம்."

தெருவில் ஆள் இருந்தது. டீக்கடையில் எல்லோரும் இந்தப் பக்கம்தான் பார்த்தார்கள். அவன் சுற்றிப் பார்த்தான், தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அதற்கப்புறம் ஊரில் உனக்கு வேலை குறைந்தது. கவிதா சொன்னது ஸ்டேஷனுக்குள்ளேயே நின்றுவிட்டது. அவன் சொன்னதுதான் தெருத்தெருவாகப் போயிருந்தது. "அந்தம்மா ஜெனரேட்டரா? வேணாம்ப்பா" என்று என் கடையில் துணி கொடுக்க வந்தவர்களே சொன்னார்கள். நீ விளக்கு போட்ட திருவிழாக்களில் வருஷக்கணக்காகக் கூழ் குடித்தவர்கள். அவனைவிட இவர்கள் மேல்தான் எனக்கு அதிக அருவருப்பு.

ஒருநாள் உன்னிடம் கேட்டேன், உனக்கு இவர்களைப் பார்த்தால் குமட்டவில்லையா என்று. "கொமட்டுது. துப்பிட்டு வேலையப் பாக்கணும்டி. வாயிலயே வெச்சிருந்தா எப்புடி சோறு துன்னுவ?" என்றாய். சொன்னபடியே மகளைக் கூட்டிக்கொண்டு வேப்பூருக்குப் போனாய். ஹைவேயில் சாப்பாட்டுக் கடைகள், லாரிகள், அப்புறம் ஊர் ஊராகக் கரண்ட் போன வருஷங்கள். உன் ஜெனரேட்டர்கள் பெருகின. அந்தக் கதையை நீ திரும்ப எடுக்கவே இல்லை. மகளிடம்கூடச் சொல்லவில்லை என்பது உன் சாவன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

ஆமாம், அந்தத் தாய்மாமன் அன்றைக்கு வந்தான். ரோஜா மாலையோடு, வெள்ளை வேட்டியில், தலை நரைத்து, பெரிய மனுஷனாக. பந்தலில் எல்லோரும் வழிவிட்டார்கள். நான் வாசற்படியில் நின்றேன். நீ அன்றைக்குக் கேட்டதை நான் கேட்டேன். "சொல்லிட்டு உள்ள போங்க" என்றேன். "சாவு வூட்டுல என்னம்மா இது" என்றான். மாலையை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துவிட்டுத் திரும்பிவிட்டான்.

உன் மகள் அழுத கண்ணோடு வந்து, "ஏன் அத்தை அவர அனுப்பினீங்க? நம்ம பார்ட்டியாச்சே" என்றாள்.

அவளைத் தனியாகக் கூட்டிப்போய்க் கேட்டேன். அவன் மகன் பேரில் விருத்தாசலத்தில் ஒரு மண்டபம் கட்டியிருக்கிறானாம். நீ படுத்த பிறகு கடையைப் பார்த்துக்கொண்ட உன் மகள்தான் அதற்கு ஜெனரேட்டர் விடுகிறாள். அவனுக்கு அவள் யார் மகள் என்று தெரியும். தெரிந்தும் கூச்சமில்லாமல் கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கிறான். அன்று சாயங்காலம் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு எழுந்து வந்தவர்களைக் கவனிக்கப் போனாள்.

போன வாரம் போன் செய்தாள். "அத்தை, சென்னையில ஒங்க மகன் வூட்டுலேர்ந்து கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா? அந்த மண்டபத்துல கல்யாணம் இல்லாத நாளாப் பாத்து வெச்சிருக்கேன்." அதற்குத்தான் வந்தேன்.

மண்டபத்துக்கு டெம்போவில் போனோம். ஆட்கள் ஜெனரேட்டரைக் கழற்றி ஏற்றும்போது அவன் ஓடிவந்தான். மானேஜர், சமையல்காரர்கள், எதிர்க்கடைக்காரர்கள் என்று கூட்டம் சேர்ந்தது. "என்னம்மா, ஏன் எடுக்குற? வர்ற முகூர்த்தத்துக்கு நான் எங்க போவேன்?"

உன் மகள் உன்னை மாதிரி கத்தவில்லை. கல்யாணப் படகில் ஜெனரேட்டர் எங்கே இருந்தது, யார் தூக்கி உள்ளே வைக்கச் சொன்னது, பெஞ்சில் யார் ஈரத்தோடு உட்கார்ந்திருந்தது எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னாள். அவன், "அதெல்லாம் பழைய கதை" என்றான்.

"பழசுதான். இல்லன்னு சொல்லலையே நீங்க?" என்றாள்.

அவன் மானேஜரைப் பார்த்து, கூட்டத்தை விலக்கச் சொன்னான். வயசான சமையல்காரர் ஒருவர், "அன்னிக்குப் பந்தி போட்டது நான்தான். அந்தம்மாவத்தான் தப்பா பேசினோம்" என்றார். அவ்வளவுதான் நடந்தது. அவன் சொல்லவில்லை. இனியும் சொல்ல மாட்டான்.

உன்னைப் போல எனக்குத் துப்பத் தெரியவில்லை. தையல் மிஷினை விற்றுவிட்டேன், ஊரை விட்டுப் போய்விட்டேன், இந்தக் குமட்டல் மட்டும் அப்படியே இருக்கிறது. போனால் போகட்டும் என்று யாராவது சொன்னால் அவர்கள் மேலும் எனக்கு வெறுப்பு வருகிறது. இருக்கட்டும், உன் கணக்கில் இதை நான் வைத்துக்கொள்கிறேன். திரும்பி வரும்போது டெம்போவில் முன் சீட்டில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கருவேல மரங்கள் பின்னால் போய்க்கொண்டிருந்தன. கொஞ்ச தூரம் போனதும் உன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, அம்மா கடைய எடுத்து நடத்தின மொத நாள்லேர்ந்து சொல்லுங்க" என்றாள்.

சொல்ல ஆரம்பித்தேன்.